.44 மேக்னம் வேட்டை ரிவால்வர்: சுடப் பழகுவது முதல் சொந்தத் தோட்டா வரை

அமெரிக்காவில் இருந்துகொண்டு, .44 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடும் பெரிய ரிவால்வரால் மானோ காட்டுப்பன்றியோ சுட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை. அதனால் இதில் எதையும் ஊரோடு பொருத்திப் பார்க்க வேண்டாம்.

புதிதாக வருகிறவர்களில் நான் பார்த்த பலரும் செய்வது ஒரே தப்பு: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வது. துப்பாக்கி வாங்கிய வாரமே முழு வேகத் தோட்டா. அடுத்த மாதம், சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பும் ரீலோடிங் பிரஸ், அதில் மேனுவல் சொல்லும் உச்ச அளவு பவுடர். மூன்றாவது மாதம் கை பயந்துபோய், 15 கெஜத்தில் சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தொட முடியாமல் துப்பாக்கியை விற்கிறார்கள். நானும் அந்த வழியாகத்தான் போனேன். விற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. முழுதாக இருப்பதைத் தோட்டா என்கிறேன். அதற்கு நான்கு உறுப்புகள்: பித்தளைக் கேஸ், அதன் அடியில் அடிபட்டதும் பற்றிக்கொள்ளும் பிரைமர், உள்ளே பவுடர், நுனியில் குண்டு. குண்டையும் பவுடரையும் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின்.

1. சட்டம் முதலில்

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. விலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை.

இதில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. ‘அப்போ எதற்கு உரிமத்துக்குப் பணம்’ என்று விட்டுவிடுகிறார்கள். பன்றிக்கு வேண்டாம்தான், உங்கள் விசாவுக்கு வேண்டும். அங்கே உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடியும். செப்டம்பர் முதல் தேதி புதிதாக எடுக்காமல் அலமாரியில் துப்பாக்கி இருந்தால் சிக்கல்தான்.

இரண்டாவது, அந்தச் சட்டம் தோட்டா என்று சொல்வது முழுத் தோட்டாவை மட்டும் அல்ல. கேஸ், பிரைமர், குண்டு, பவுடர் என்று தனித்தனி உறுப்புகளும் அதில் அடங்கும். ‘துப்பாக்கி நண்பனுடையது, நான் சும்மா ரீலோடிங்தான் செய்கிறேன்’ என்பது பதில் ஆகாது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். 

டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டையாட, வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். எந்தத் தோட்டாவால் எந்த விலங்கைச் சுடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பக்கத்து மாநிலத்து நண்பர் சொன்னார் என்று போகாதீர்கள்.

இன்னொன்று. சுடும் பயிற்சி இடமான ரேஞ்சுக்குக் கொண்டு போகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். மூலையில் ஒரு காலிக் கேஸ் கிடந்தாலும், சென்னை விமான நிலையத்தில் விளக்கம் சொல்லியே விடுமுறை தீர்ந்துவிடும்.

2. என்ன வாங்குவது

வேட்டைக்கு ஆறு முதல் ஏழரை அங்குலக் குழல், கனமான சட்டகம் (ஃபிரேம்), சரிசெய்யக்கூடிய பின்சைட் (குறிபார்க்க உதவும் பின்பக்கப் பிளவு). கனம் என்பது இங்கே குறை அல்ல. ரூகர் சூப்பர் ரெட்ஹாக் ஏழரை அங்குலக் குழலோடு கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ இருக்கும். அந்த எடைதான் உதையில் பாதியை விழுங்குகிறது. இடுப்பில் மாட்ட வசதி என்று லேசான, குட்டைக் குழல் ரிவால்வரை வாங்கியவர்கள் அதில் ஒரு பெட்டித் தோட்டாவைக்கூட முடிப்பதில்லை.

அதோடு கண்ணாடி, காதுக்கு இரண்டு அடுக்கு: உள்ளே ஃபோம் பிளக், மேலே காதை மூடும் மஃப். 140 டெசிபெல்லைத் தாண்டிய ஒரே ஒரு வெடிச்சத்தம் போதும், காது நிரந்தரமாகக் கெட; .44 மேக்னம் அதை எளிதாகத் தாண்டும். காது முக்கியம் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. கை பயப்படுவதற்குப் பாதிக் காரணம் உதை அல்ல, சத்தம். சத்தத்தை அடக்கினால் பயம் தானாகக் குறையும்.

3. .44 ஸ்பெஷலில் தொடங்குங்கள்

.44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். குண்டின் விட்டம் ஒன்றே. கேஸ் மட்டும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் குட்டை. அழுத்தம் பாதிக்கும் கீழே. முதல் இருநூறு தோட்டா இதுவாக இருக்கட்டும். விலை கொஞ்சம் கடிக்கும். ஆனால் ஒருமுறை பிடித்துக்கொண்ட பயத்தை விரட்ட ஆகும் தோட்டாவின் விலை அதைவிட அதிகம்.

முதல் முறை மேக்னம் போடும்போது சிலிண்டரில் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையில்) ஒரே ஒரு தோட்டா போடுங்கள். உதையில் துப்பாக்கி கையில் சுழலும்போது, விழுந்துவிடுமோ என்று விரல்கள் தானாக இறுக்கும். அந்த இறுக்கத்தில் டிரிக்கர் மறுபடி இழுபட்டு, குழல் வானத்தைப் பார்க்கும்போது இரண்டாவது தோட்டா வெடித்த சம்பவங்கள் உண்டு. ஒன்று மட்டும் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

ஸ்பெஷல் சுட்ட பிறகு சிலிண்டர் அறைகளைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். குட்டைக் கேஸ் முடியும் இடத்தில் கரி வளையம்போலப் படியும். அப்புறம் நீளமான மேக்னம் கேஸைத் தள்ளினால் அது அந்த வளையத்தில் இடித்து நிற்கும், சுட்ட பிறகு வெளியே வராது.

4. பிடி

செமி ஆட்டோ பிஸ்டலில் பழகியவர்தான் இங்கே அதிகம் திருத்த வேண்டியிருக்கும். அதில் இரண்டு கட்டைவிரலையும் முன்னால் நீட்டிப் பிடிப்பார்கள். ரிவால்வரில் அப்படிப் பிடித்தால் விரல் நுனி, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு அருகில் போய் நிற்கும். சுடும்போது அந்த இடைவெளியில் இருந்து பக்கவாட்டில் பீய்ச்சும் வாயு சதையைக் கிழிக்கும். கட்டைவிரல்களைக் கீழே மடக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டுங்கள்.

டபுள் ஆக்ஷன் ரிவால்வர் (டிரிக்கரை இழுத்தாலே சுத்தியல் பின்னே போய் அடிப்பது) என்றால் கையை எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ ஏற்றிப் பிடியுங்கள். குழல் கைக்கு மேலே உயரமாக இருப்பதால்தான் குழலின் வாய் எகிறுகிறது. கை உயர உயர அந்த எகிறல் குறையும்.

ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்து வைக்க வேண்டிய, பழைய கௌபாய் பாணி சிங்கிள் ஆக்ஷன் வேறு மாதிரி. அதன் கைப்பிடி உள்ளங்கையில் உருண்டு மேலே போவதற்கென்றே வளைத்துச் செய்தது. அதை இரும்புப் பிடியாக அடக்கப் பார்த்தால் டிரிக்கர் காவல் வளையம் நடுவிரல் மூட்டில் வந்து இடிக்கும். உருளட்டும், விடுங்கள். எனக்கு அந்த மூட்டு இரண்டு வாரம் வீங்கிக் கிடந்த பிறகுதான் இது புரிந்தது.

முழங்கையை லேசாக மடக்கி வையுங்கள். விறைப்பாக நீட்டினால் உதை நேராகத் தோளுக்குப் போகும். தளர விட்டால் துப்பாக்கி நெற்றிக்கு வரும். இரண்டுக்கும் நடுவில்.

5. கையின் பயத்தைக் கண்டுபிடிப்பது

தோட்டா வெடிக்கும் நொடிக்குச் சற்று முன்னே, உதையை எதிர்த்துக் கை தானாகக் கீழே அமுக்கும். சுடுபவருக்கு இது தெரியாது, ஏனென்றால் வெடிப்பில் அந்த அசைவு மறைந்துவிடும். குண்டு மட்டும் கீழே போய் விழும். அவர் சைட்டைக் குறை சொல்லித் திருகிக்கொண்டிருப்பார்.

கண்டுபிடிக்க ரிவால்வரைப்போல வசதியான கருவி இல்லை. நண்பரை விட்டு ஆறு அறைகளில் இரண்டில் தோட்டாவும் நான்கில் சுட்ட கேஸும் கலந்து போடச் சொல்லுங்கள். வரிசை உங்களுக்குத் தெரியக் கூடாது. குறிபார்த்து இழுங்கள். காலிக் கேஸில் சுத்தியல் விழும்போது சைட் அப்படியே நின்றால் நல்லது. குழல் ஒரு முங்கு முங்கினால் கை பயந்திருக்கிறது.

மருந்து என்னவென்றால், தோட்டா போடாமல் இழுத்துப் பழகுவதுதான். வீட்டில் தினமும் இருபது முறை. துப்பாக்கி காலி என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தொட்டுப் பார்த்து, அந்த அறையில் ஒரு தோட்டாகூட இல்லை என்று உறுதி செய்த பிறகு. ரேஞ்சில் ஒரு நாளைக்கு முழு வேக மேக்னம் முப்பதைத் தாண்ட வேண்டாம். முப்பத்தைந்தாவது தோட்டாவில் நீங்கள் கற்றுக்கொள்வது பயம் மட்டுமே.

6. ரெஸ்டில் வைத்துக் குறி சரிசெய்தல்

முதலில் 25 கெஜம், அப்புறம் 50. மணல் மூட்டையில் மணிக்கட்டையும் சட்டகத்தின் முன்பகுதியையும் தாங்க விடுங்கள். குழலை எதன் மீதும் வைக்காதீர்கள். கெட்டியான பரப்பில் குழல் பட்டால் துப்பாக்கி துள்ளி, குண்டு வேறு இடத்துக்குப் போகும். கையில் பிடித்துச் சுடும்போது அந்தக் குறி செல்லாது. சிலிண்டர் இடைவெளிக்குக் கீழே பழைய தோல் துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள், இல்லையென்றால் வாயு மூட்டையைக் கிழித்து மேஜையெல்லாம் மணல்.

பின்சைட்டை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

ரைஃபிளில் இருந்து வருகிறவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று: ரிவால்வரில் கனமான குண்டு பெரும்பாலும் மேலே விழும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே வாய் எகிறத் தொடங்கிவிடுகிறது. கனமான, மெதுவான குண்டு குழலுக்குள் சற்று அதிக நேரம் இருப்பதால் அந்த எகிறலையும் சேர்த்துக்கொண்டு போகிறது. ஆகவே எந்தக் குண்டால் வேட்டையாடப் போகிறீர்களோ அதே குண்டு, அதே பவுடரில்தான் கடைசிக் குறி சரிசெய்தல்.

7. ரீலோடிங் மேஜைக்கு முன்

கடைத் தோட்டாவில் 50 கெஜத்தில் ஒழுங்காகச் சுட ஆரம்பித்த பிறகு இங்கே வாருங்கள். அதற்கு முன் வந்தால், தப்பு கையிலா தோட்டாவிலா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

தேவையானவை: ஒரு இழுப்பில் ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ், அதில் மாட்டும் .44 கார்பைடு டை (அச்சு) மூன்று, தராசும் சோதனைப் படிக்கல்லும், நீளம் அளக்கும் கேலிப்பர், கேஸ்களை நிற்க வைக்கும் குழிப்பலகையான லோடிங் பிளாக், புனல், பவுடர் அளவு அட்டவணைகள் உள்ள லோட் மேனுவலின் நடப்புப் பதிப்பு குறைந்தது இரண்டு. ஒரு இழுப்பில் எல்லா வேலையும் முடிக்கும் புரோகிரெசிவ் பிரஸ் இப்போதைக்கு வேண்டாம். ஒரே நேரத்தில் ஐந்து விஷயத்தைக் கண்காணிக்கப் புதியவரால் முடியாது. விட்டுப்போன ஒன்று உங்கள் முகத்துக்கு முன்னால் வெடிக்கும்.

இந்தக் கட்டுரையில் எத்தனை கிரெயின் பவுடர் என்று எங்கேயும் சொல்லியிருக்க மாட்டேன். மறந்துபோய் அல்ல. பவுடர் அளவை அந்தப் பவுடரையோ குண்டையோ தயாரித்தவர் வெளியிட்ட அட்டவணையில் இருந்து மட்டும் எடுக்க வேண்டும். என்னிடம் இருந்தோ, ரேஞ்சில் சந்தித்த அண்ணனிடம் இருந்தோ அல்ல. ஒரே 240 கிரெயின் எடையிலும் செப்புறைக் குண்டுக்கும் ஈயக் குண்டுக்கும் அளவு வேறு.

மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பா. பவுடர் அதன் சொந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதிலேயே கொட்டி மூடுங்கள். தொலைபேசி வேண்டாம், டிவி வேண்டாம், பீர் கண்டிப்பாக வேண்டாம். வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். ஈயம் கண்ணுக்குத் தெரியாமல் விரலில் ஒட்டியிருக்கும், பிசைந்து சாப்பிடுகிற கை நம்முடையது.

உங்கள் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்யக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. செய்து விற்றால் தேவை. நண்பருக்குச் சும்மா கொடுப்பதும் வேண்டாம்: அவர் துப்பாக்கி உங்களுடையது அல்ல, வெடித்தால் நட்பு மட்டும் உங்களுடையது.

8. கேஸ்

சுட்ட கேஸை டம்பளரில் (கேஸைக் குலுக்கித் தேய்த்துச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில்) போட்டுத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். வாயில் மயிரிழைபோல விரிசல் இருந்தால் அதைக் குறட்டால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள். நசுக்காமல் போட்டால் அடுத்த வாரம் எப்படியோ மேஜைக்கு வந்துவிடும், என் வீட்டில் வந்திருக்கிறது. டம்பளரை வீட்டுக்குள் வைக்காதீர்கள். அந்தத் தூசியில் ஈயம் உண்டு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் நினைத்தே பார்க்கக் கூடாது.

முதல் டை பழைய பிரைமரைத் தள்ளிவிட்டு, விரிந்த கேஸைப் பழைய அளவுக்கு இறுக்கும். கார்பைடு டை என்றால் எண்ணெய் தேவையில்லை.

அப்புறம் நீளம் அளவெடுங்கள். .44 மேக்னம் கேஸின் உச்ச நீளம் 1.285 அங்குலம், வெட்டிச் சரிசெய்யும் அளவு 1.275. இந்தக் கேஸ் அதிகம் நீளாது. பின்னே எதற்கு அளவெடுப்பது? எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால்தான் கடைசியில் வரும் கிரிம்ப் (கேஸின் வாயைக் குண்டின் மேல் மடிப்பது) எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விழும். நீளமானது அதிகம் நசுங்கும், குட்டையானது குண்டை விட்டுவிடும்.

9. வாயை விரிப்பதும் பிரைமரும்

இரண்டாவது டை கேஸின் வாயை மணி வடிவத்தில் கொஞ்சம் விரிக்கும். குண்டின் அடி உள்ளே உட்காரும் அளவுக்கு மட்டும் போதும். அதிகம் விரித்தால் ஒவ்வொரு முறையும் பித்தளை வளைந்து நிமிர்ந்து சீக்கிரம் விரிசல் விடும். குறைவாக விரித்தால் ஈயக் குண்டின் பக்கத்தைக் கேஸ் சீவி எடுக்கும்.

பிரைமர் லார்ஜ் பிஸ்டல் அளவு. சாதாரணமா மேக்னமா என்பதை அட்டவணை எந்த லோடுக்கு (குண்டும் பவுடரும் சேர்ந்த சேர்க்கைக்கு) எதைச் சொல்கிறதோ அதன்படி. மாற்றினால் அழுத்தமும் மாறும். உட்கார்த்திய பிறகு ஒவ்வொரு கேஸின் அடியிலும் விரல் நுனியை ஓட்டுங்கள். பிரைமர் கேஸின் மட்டத்துக்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் சிலிண்டர் சுழலும்போது பின்சட்டகத்தில் உரசி நிற்கும். அதை மறுபடி அமுக்கிவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். பவுடர் போட்ட கேஸில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

10. பவுடர்

உயிர் போகும் தப்புகள் எல்லாம் இந்தப் படியில்தான். மெதுவாகப் போவோம்.

தராசை முதலில் சோதனைக் கல்லால் சரிபாருங்கள். டிஜிட்டல் தராசு என்றால் அது கிரெயினில் இருக்கிறதா கிராமில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சமையலறைப் பழக்கத்தில் நமக்குக் கிராம்தான் கை வரும், ஒரு பொத்தானைத் தெரியாமல் தொட்டால் மாறிவிடும்.

அட்டவணையில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். உங்கள் துப்பாக்கியின் அறை, உங்கள் கேஸ், உங்கள் பிரைமர் எதுவும் அட்டவணை போட்டவர்களின் சோதனைக் கூடத்தில் இருந்தது அல்ல.

‘குறைத்துப் போட்டால் எப்போதும் பத்திரம்’ என்பதும் தப்பு. எச்-110, டபிள்யூ-296 இரண்டும் பெயர்தான் வேறு, பவுடர் ஒன்றே. .44 மேக்னத்தின் முழு வேகத்துக்குப் பெயர் போனது. இதை அதிகம் குறைத்தால் ஒழுங்காகப் பற்றாது, குண்டு குழலின் நடுவிலேயே நின்றுபோகலாம். தயாரிப்பாளரே மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்கிறார். லேசான லோடு வேண்டுமா, அதற்கென்று உள்ள வேகமான பவுடருக்குப் போங்கள். இதைக் குறைக்காதீர்கள்.

வேகமான பவுடரில் ஆபத்து வேறு பக்கம். அளவு மிகக் குறைவு. பெரிய கேஸின் அடியில் ஒரு கைப்பிடி மண்போலக் கிடக்கும். மறந்துபோய் இரண்டு முறை போட்டாலும் கேஸ் வழியாது, குண்டு தாராளமாக உட்காரும். இரட்டை அளவு சிலிண்டரைப் பிளந்துவிடும். அதனால் புதியவருக்கு என் பரிந்துரை, கேஸில் பாதிக்கு மேல் நிரம்பும் பவுடர். அதில் இரண்டாவது முறை போட்டால் மேஜையில் கொட்டி உங்களுக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

வரிசை இப்படி: காலிக் கேஸ்கள் எல்லாம் பிளாக்கில் தலைகீழாக. ஒன்றை எடு, பவுடர் போடு, நிமிர்த்திப் பக்கத்து பிளாக்கில் வை. ஐம்பதும் முடிந்ததும் டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். எல்லாக் கேஸிலும் பவுடர் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் அதைக் கொட்டி மறுபடி நிறுத்துப் போடுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால்? கையில் இருக்கும் கேஸைக் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். ‘போட்டேனா இல்லையா’ என்ற கேள்விக்கு ஞாபகம் சரியான பதில் சொல்லாது.

11. குண்டை உட்கார்த்துவதும் கிரிம்பும்

செப்புறைக் குண்டு 0.429 அங்குல விட்டம், ஈயக் குண்டு பொதுவாக 0.430 அல்லது ஒரு துளி அதிகம். தோட்டாவின் மொத்த நீளம் 1.610 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதே சமயம் அட்டவணை சொன்ன நீளத்தைவிடக் குண்டை உள்ளே தள்ளவும் கூடாது. உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும்.

குண்டின் இடுப்பில் ஒரு பள்ளம் ஓடும். கேஸின் வாய் அந்தப் பள்ளத்துக்குள் உருண்டு மடிய வேண்டும். இதுதான் ரோல் கிரிம்ப். பிஸ்டலில் இது பெரிய விஷயமில்லை, ரிவால்வரில் உயிர்நாடி. ஒரு தோட்டா வெடிக்கும்போது சிலிண்டரில் உள்ள மற்ற ஐந்தும் பின்னால் உதைபடும். கேஸ் பின்னால் போகிறது, குண்டு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பிடி தளர்வாக இருந்தால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டிக் குழலில் முட்டி, சிலிண்டர் பூட்டிக்கொள்ளும். எதிரே காயம்பட்ட பன்றி நிற்கும்போது இது நடக்க வேண்டாம்.

புதியவர் உட்கார்த்துவதையும் கிரிம்பையும் ஒரே இழுப்பில் முடிக்கப் பார்ப்பார், டையும் அதற்கு இடம் கொடுக்கும். பிரித்துச் செய்யுங்கள். முதலில் டையை உயர்த்தி வைத்து ஐம்பது குண்டையும் உட்கார்த்துங்கள். அப்புறம் உட்கார்த்தும் கம்பியை மேலே எடுத்துவிட்டு, டையை இறக்கி, கிரிம்ப் மட்டும். ஒன்றாகச் செய்யும்போது குண்டு இன்னும் கீழே போய்க்கொண்டிருக்க வாய் மடியும். கேஸ் புடைத்து அறைக்குள் நுழையாது. அப்படிப் புடைத்த முப்பது தோட்டாவை ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து உடைத்திருக்கிறேன்.

செய்து முடித்த ஒவ்வொன்றையும், காலித் துப்பாக்கியில் இருந்து கழற்றிய சிலிண்டரிலோ, அளவு சரிபார்க்கும் கேஜிலோ போட்டுப் பாருங்கள். சுலபமாக விழ வேண்டும். பெட்டியில் லேபிள்: குண்டு, பவுடர், அளவு, பிரைமர், தேதி. லேபிள் இல்லாத பெட்டி உடைக்க வேண்டிய பெட்டி.

12. ரேஞ்சில் முதல் சோதனை

தொடக்க அளவில் ஆறு, அதற்கு மேல் சிறு படிகளாக ஒவ்வொன்றிலும் ஆறு. குறைந்ததில் இருந்து மேலே போங்கள்.

ஒவ்வொரு ஆறுக்கும் பிறகு கேஸை வெளியே தள்ளும் கம்பியைக் கவனியுங்கள். விரலால் தள்ளினால் வர வேண்டும். உள்ளங்கையால் தட்ட வேண்டியிருந்தால் அறையைப் பாருங்கள். அழுக்கு இல்லையென்றால் அழுத்தம் ஏற்கெனவே அதிகம். அங்கேயே நிறுத்துங்கள், மேலே உள்ள படிகளைச் சுடாமல் வீட்டுக்குக் கொண்டு போய் உடையுங்கள். தட்டையான பிரைமரைப் பார்த்து அழுத்தம் சொல்வார்கள்; தனியாக அதை நம்ப வேண்டாம்.

கிரிம்ப் சோதனை: ஒரு தோட்டாவின் நீளத்தைக் கேலிப்பரில் அளந்து, மார்க்கரால் குறியிட்டுச் சிலிண்டரில் போடுங்கள். மற்ற ஐந்தையும் சுட்டுவிட்டு அதை எடுத்து மறுபடி அளக்கவும். நீண்டிருந்தால் கிரிம்ப் போதாது.

சத்தம் குறைவாக, புஸ் என்று போனால் நிறுத்துங்கள். ‘இது என்ன, சரியாக வெடிக்கவில்லையே’ என்று அடுத்ததை இழுப்பதுதான் மனித இயல்பு. குழலில் குண்டு நிற்கும்போது அடுத்தது வந்தால் குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். என் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் விரலை டிரிக்கருக்குக் கொண்டுபோன நேரத்தில் நான் கத்தினேன். காதில் மஃப் இருந்ததால் கேட்கவில்லை, நல்லவேளை சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொண்டிருந்தது. துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் கம்பியை விட்டு அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகே அடுத்தது.

வெறும் ‘கிளிக்’ என்றால் வேறு. முப்பது விநாடி குழலை இலக்கை நோக்கியே வைத்திருங்கள். தாமதமாக வெடிக்கலாம்.

ஆறும் நன்றாகக் கூடி விழும் அளவு கிடைத்ததும் அங்கேயே நில்லுங்கள். 240 கிரெயின் குண்டு விநாடிக்கு 1,200 அடியில் போனால் மானுக்குப் போதும். அதற்கு மேல் நூறு அடி கூட்டினால் மான் வித்தியாசம் உணராது, உங்கள் மணிக்கட்டு உணரும்.

13. உங்கள் தூரம் எவ்வளவு

மானின் உயிர்ப்பகுதி சுமார் எட்டு அங்குல வட்டம். சோதனைக்கு ஆறு அங்குலக் காகிதத் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு அங்குலம் மூச்சிரைப்புக்கும் பதற்றத்துக்கும்.

மேஜை இல்லாமல், வேட்டையில் எப்படி இருப்பீர்களோ அப்படி: மரத்தில் சாய்ந்து, முழங்காலில், தடியை ஊன்றி. 25 கெஜத்தில் ஐந்து சுடுங்கள், ஐந்தும் தட்டில் இருக்க வேண்டும். நான்கு இருந்தால் தோல்வி. பத்துப் பத்துக் கெஜமாகப் பின்னால் போய்க்கொண்டே இருங்கள். ஐந்தில் ஒன்று தவறும் தூரத்துக்கு முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை. எனக்கு அது திறந்த சைட்டில் 55 கெஜம். இரண்டு மடங்கு ஸ்கோப் போட்டால் எழுபதைத் தாண்டுகிறேன். கையெழுத்துப்போல இது ஆளுக்கு ஆள் வேறு.

அந்தத் தூரத்தை நடந்து பார்த்து, கண்ணுக்குப் பழக்குங்கள். டெக்சாஸ் புதர்க்காட்டில் மாலை வெளிச்சத்தில் எண்பது கெஜம் ஐம்பதாகத் தெரியும்.

விரிந்துகொள்ளும் செப்புறைக் குண்டு மானுக்கு நல்லது. பெரிய ஆண் பன்றியின் தோளில் கெட்டியான கவசம்போல ஒரு படலம் உண்டு, அதற்குக் கடினமான, தட்டை மூக்கு ஈயக் குண்டை நான் விரும்புகிறேன். முன்னங்காலுக்குப் பின்னால், பக்கவாட்டில் இருந்து, பின்னே மண்மேடு இருந்தால் மட்டும். சுட்டதும் சுத்தியலை மறுபடி இழுத்து வைத்து, விலங்கு விழுந்தாலும் சைட்டை அதன் மீதே வைத்திருங்கள். விழுந்தது எழும்பாது என்று உறுதியானதும் சுத்தியலை மெதுவாக இறக்கி, துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பது.

வீட்டுக்கு வந்ததும் சிலிண்டரில் சுடாமல் மிஞ்சிய தோட்டாக்களின் நீளத்தை அளந்து பாருங்கள். நாள் முழுக்க உறையில் குலுங்கியும், ஒரு தோட்டாவின் உதை பட்டும் நீளாமல் இருந்தால், அடுத்த வாரமும் அதே பெட்டியில் இருந்து எடுக்கலாம்.